எங்கே குடியிருப்பது என்ற கேள்வி

அறுபது வயதைக் கடந்தவர்களின் காதலை அமெரிக்கத் தொலைக்காட்சி நெடுங்காலம் நகைச்சுவைத் தொடர்களுக்கே ஒதுக்கி வைத்திருந்தது. 1985 முதல் 1992 வரை ஒளிபரப்பான ‘தி கோல்டன் கேர்ள்ஸ்’ போன்ற தொடர்கள் முதிய பெண்களின் ஆசைகளையும் ஏமாற்றங்களையும் பரிவோடு பேசினாலும், அங்கே பேசப்பட்டவை எழுத்தாளர் எழுதி நடிகர் உச்சரித்த வசனங்களே. முதியவர் ஒருவர் தம் சொந்தப் பெயரோடும் சொந்தத் துயரத்தோடும் முன்வந்து, தமக்கு மீண்டும் ஒரு வாழ்க்கைத் துணை வேண்டும் என்று நாடறியச் சொல்வதற்குரிய பெரிய மேடை 2023 செப்டம்பர் 28 அன்றுதான் அமைந்தது. அன்று ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘தி கோல்டன் பேச்சலர்’ என்ற ரியாலிட்டி நிகழ்ச்சியில், இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த, உணவகம் நடத்தி ஓய்வுபெற்ற 72 வயது கேரி டர்னர், 60 முதல் 75 வயது வரையிலான 22 பெண்களைச் சந்தித்தார். அந்த நிகழ்ச்சியும் அதன் வழிவந்தவையும் முதுமைக் காதலைப் பற்றிச் சரியாகச் சொன்னவை பல. ஆனால் முதுமை மறுமணத்தின் நடுவில் நிற்கும் ஒரு கேள்வியை, அதாவது இருவரும் எங்கே, யாருக்கு அருகில், எந்த ஏற்பாட்டில் வாழ்வது என்பதை, அவை திரைக்கு வெளியே தள்ளிவிட்டன. அந்த விடுபடல் அதில் பங்கேற்ற இரண்டு நல்ல மனிதர்களைப் பொதுவெளியில் காயப்படுத்தியது என்பதால், அதை விரிவாகப் பார்க்க வேண்டியுள்ளது.

இந்நிகழ்ச்சியின் தாய் வடிவமான ‘தி பேச்சலர்’ 2002 மார்ச்சில் தொடங்கியது. மணமாகாத ஆண் ஒருவரை ஒரு பெரிய மாளிகையில் பல பெண்கள் சந்திக்க, ஒவ்வொரு வார முடிவிலும் அவர் தாம் தொடர்ந்து அறிய விரும்பும் பெண்களுக்கு ஒரு ரோஜாவைத் தருவார். ரோஜா பெறாதவர் அன்றே வெளியேறுவார். எஞ்சும் சிலரின் சொந்த ஊருக்குச் சென்று குடும்பத்தாரைச் சந்திப்பது, பின்னர் வெளிநாட்டுக் கடற்கரை ஒன்றில் தனித்து உரையாடுவது, இறுதி நாளில் ஒருவர் முன் மண்டியிட்டு மோதிரம் நீட்டுவது என்று அதன் சடங்குகள் ஒரே வரிசையில் நிகழும். படப்பிடிப்புக் காலம் முழுவதும் பங்கேற்பாளரிடம் கைபேசி இராது. வெளியுலகத் தொடர்பும் இராது. மனிதர்களை அவர்களுடைய அன்றாடத்திலிருந்து முற்றிலும் பிரித்து, ஒரே ஒரு உணர்ச்சியை மட்டும் வளரவிடும் இந்த ஏற்பாடு இளையோரிடமே பெரும்பாலும் தோற்றிருக்கிறது: முதல் 20 ஆண்டுகளில், இறுதி நாளில் தாம் தேர்ந்தெடுத்த பெண்ணையே மணந்து அவரோடு இன்றளவும் வாழும் கதாநாயகர் ஷான் லோ ஒருவரே. இத்தகைய அச்சில்தான் முதியவர்களின் கதை வார்க்கப்பட்டது.

முதியவர்கள் திரைக்கு வந்ததற்குப் பின்னால் தொழில்சார்ந்த காரணங்களும் இருந்தன. 2023 மே மாதம் திரைக்கதை எழுத்தாளர்களும் ஜூலையில் நடிகர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கியதால், எழுதப்பட்ட வசனம் தேவைப்படாத நிகழ்ச்சிகளை நம்பியே இலையுதிர் காலத்தை நிரப்ப வேண்டிய நிலைக்குத் தொலைக்காட்சி நிறுவனங்கள் தள்ளப்பட்டன. அதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரங்களின் விலை 18 முதல் 49 வயது வரையிலான பார்வையாளர்களின் எண்ணிக்கையைக் கொண்டே நெடுங்காலம் பேசப்பட்டு வந்தது. ஆனால் அந்த வயதினர் இணையவழிச் சேவைகளுக்கு நகர்ந்துவிட, வழக்கமான தொலைக்காட்சியின் முன் மாலைதோறும் அமர்பவர்களில் பெரும்பகுதியினர் 60 வயதை ஒட்டியவர்களாகவும் அதைக் கடந்தவர்களாகவும் ஆயினர். பல்லாண்டுகளாகத் தன்னைப் பார்த்துவந்த மனிதர்களையே திரையில் நிறுத்திக் காட்ட ஒரு பெரிய நிறுவனம் முதன்முறையாகத் துணிந்தது. அதன் இறுதிப் பகுதியை ஏறத்தாழ 60 லட்சம் பேர் பார்த்தார்கள் என்பது, அந்த மனிதர்கள் தங்கள் முகத்தைத் திரையில் காண எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்பதற்குச் சான்று.

நிகழ்ச்சி செய்த நன்மையை முதலில் சொல்ல வேண்டும். முதல் பகுதியின் தொடக்கத்திலேயே டர்னர் விருந்துக்கான உடை அணிந்து, பின் காதில் கேட்புக் கருவியைப் பொருத்திக்கொள்கிறார். மூப்பின் அடையாளத்தை மறைக்காமலே ஒருவரை விரும்பத்தக்கவராகக் காட்டலாம் என்பதை அந்தச் சில நொடிகள் நிறுவிவிட்டன. பள்ளிப் பருவத்திலேயே விரும்பி 43 ஆண்டுகள் உடன்வாழ்ந்த மனைவியை 2017-இல் திடீர்த் தொற்று ஒன்றுக்குப் பறிகொடுத்தவர் அவர். ஓய்வுக் காலத்தை இருவரும் சேர்ந்து கழிப்பதற்காக ஏரிக்கரையில் வாங்கிய வீட்டில் அவர் தனியாக வாழ நேர்ந்தது. அவரைச் சந்திக்க வந்த பெண்களில் பலரும் இதே போன்ற இழப்பைச் சுமந்தவர்கள். நியூ ஜெர்சியைச் சேர்ந்த, நிதித் துறையில் பணியாற்றிய தெரேசா நிஸ்ட், 42 ஆண்டு மணவாழ்வுக்குப் பின் 2014-இல் கணவரை இழந்தவர். தொடர்ந்து அந்த இழப்பைப் பற்றிப் பேசியபடியே இருவரும் நெருங்கினார்கள். இறந்த துணையைப் பற்றிய பேச்சு புதிய காதலுக்கு இடையூறு என்ற பொதுவான எண்ணத்துக்கு மாறாக, அதுவே இவர்களுக்கிடையே முதல் பாலமாக அமைந்ததை நாடு முழுவதும் பார்த்தது.

இழப்பைப் பற்றி ஆய்வு செய்வோர் இதை வேறு சொற்களில் நெடுநாளாகச் சொல்லி வருகின்றனர். துக்கம் என்பது இறந்தவரை மறந்து முடிப்பதில் நிறைவடைவதன்று, அவரோடுள்ள உறவு வேறு வடிவில் தொடர்வதே இயல்பு என்ற கருத்து 1990-களிலிருந்து வலுப்பெற்றது. தொடரும் பிணைப்பு என்று அதற்குப் பெயர். முன்னாள் துணையின் படம் சுவரில் இருக்கும் வீட்டுக்குள் இன்னொருவர் வந்து வாழ்வது துரோகம் ஆகாது என்பதை ஓர் உளவியல் நூல் ஆயிரம் பேருக்கு விளக்க முடியும். ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி அதையே ஒரே இரவில் பல லட்சம் வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. மறுமணம் பற்றித் தம் தாயிடமோ தந்தையிடமோ ஒருபோதும் பேசியிராத பிள்ளைகள் பலருக்கு, அந்தப் பேச்சைத் தொடங்குவதற்கான ஒரு வாய்ப்பை அது அளித்திருக்க வேண்டும். போட்டியாளர்களான அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் தாழ்த்தாமல், ஒருவரின் கண்ணீரை மற்றவர் துடைத்து, ஒரே மனிதருக்காக வந்த இடத்தில் தங்களுக்குள் நட்பை அமைத்துக்கொண்டதும் இந்த வகை நிகழ்ச்சிகளில் அரிதான காட்சி. இளையோர் சீசன்களில் பூசல்தான் விற்பனைப் பொருள். இங்கே அது ஏறக்குறைய தேவையே படவில்லை.

முதுமைக் காதல் ஏன் இவ்வளவு விரைவில் உறுதியடைகிறது என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் வகுத்த கோட்பாடு ஓரளவு விளக்கம் தருகிறது. எஞ்சியுள்ள காலம் குறைவு என்று ஒருவர் உணரத் தொடங்கும்போது, புதிய செய்திகளையும் புதிய அறிமுகங்களையும் தேடுவதைக் குறைத்து, மனத்துக்கு நிறைவளிக்கும் சில உறவுகளில் மட்டும் தம் நேரத்தைச் செலுத்துகிறார் என்பதே அதன் சாரம். ஆகவே முதியவர் ஒருவர் சில வாரங்களில் முடிவெடுப்பது பக்குவமின்மையின் விளைவாக இருக்க வேண்டியதில்லை, அவருடைய காலக் கணக்கு வேறு என்பதன் விளைவாகவும் இருக்கலாம். டர்னரும் நிஸ்ட்டும் காத்திருக்கக் காலமில்லை என்ற எண்ணத்தோடுதான் திருமண நாளை விரைவாகக் குறித்தனர். ஆனால் உணர்ச்சியைத் தெரிந்தெடுப்பதில் முதியவர்களுக்குள்ள இந்தத் தெளிவு வாழ்க்கை ஏற்பாடுகளைக் கலந்து பேசுவதற்கு மாற்றாகிவிடாது. அந்தப் பேச்சுக்கு உரிய நேரத்தைத் தருவது நிகழ்ச்சியை வடிவமைத்தவர்களின் கையில் இருந்தது, அவர்கள் அதைத் தரவில்லை.

2024 ஜனவரி 4 அன்று கலிஃபோர்னியாவின் லா கின்டா விடுதியில் அவர்களுடைய திருமணம் நேரலையாக ஒளிபரப்பானது. நிகழ்ச்சியில் பங்கேற்ற பெண்களில் ஒருவரே முன்னின்று அதை நடத்திவைத்தார். அதன்பின் நூறு நாள்கள் நிறைவதற்கு முன்பே, ஏப்ரல் 12 அன்று, அதே நிறுவனத்தின் காலை நிகழ்ச்சியில் இருவரும் அருகருகே அமர்ந்து மணவிலக்குப் பெறப்போவதாக அறிவித்தனர். அவர்கள் சொன்ன காரணம் மிக எளியது: டர்னருடைய மகள்களும் பேத்திகளும் இந்தியானாவில், நிஸ்ட்டின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நியூ ஜெர்சியில், தென் கரோலினாவில் வீடு பார்த்தும் இருவருக்கும் பொதுவான ஓர் ஊர் அமையவில்லை, குடும்பத்தை விட்டு வெகுதொலைவு செல்ல இருவருக்கும் மனமில்லை. தமக்கு மெல்ல வளரும் ஆனால் குணப்படுத்த இயலாத எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் வகை ஒன்று இருப்பதை 2024 டிசம்பரில் டர்னர் வெளிப்படுத்தியபோது, எஞ்சிய நாள்களைத் தம் குடும்பத்தின் அருகில் கழிக்க வேண்டும் என்ற எண்ணமும் அந்த முடிவில் பெரும்பங்கு வகித்ததாகக் கூறினார்.

மணவிலக்கு அறிவிப்பைத் தொடர்ந்து எழுந்த கேலிகள் அநீதியானவை. இருவரும் பணத்துக்கும் புகழுக்கும் நடித்தார்கள் என்றும், வயதானவர்களுக்கு இவையெல்லாம் தேவையா என்றும் வெளியான கருத்துகள், அவர்கள் சொன்ன காரணத்தைச் சற்றும் நம்ப மறுத்தன. ஆனால் முதியவர்களின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அந்தக் காரணம் சாக்குப்போக்காகத் தோன்றாது. அதைவிட உண்மையான காரணம் வேறொன்று இருக்க முடியாது என்றே தோன்றும். இருபத்தைந்து வயதில் மணம்புரியும் இருவர் மூன்றாவது ஊர் ஒன்றில் வாடகை வீடு எடுத்து, அங்கேயே வேலை தேடி, அங்கேயே நண்பர்களையும் பிள்ளைகளையும் பெற்று வேரூன்றுகிறார்கள். எழுபது வயதில் வேர்கள் ஏற்கெனவே இறங்கியிருக்கின்றன. கடன் தீர்ந்த வீடு, இருபது ஆண்டுகளாக உடலை அறிந்த மருத்துவர், தேவாலயத்தில் வழக்கமாக அமரும் வரிசை, பள்ளிக்கு அழைத்துச் செல்ல வேண்டிய பேரக்குழந்தை, முதல் துணையின் கல்லறை ஆகிய இவை யாவும் ஒரு நிலப்பரப்பில் கட்டுண்டவை. ஒருவரைப் பெயர்த்து மற்றவரின் ஊரில் நடுவது என்பது அவருடைய முதுமைக்கு ஆதாரமான அத்தனை தாங்குகோல்களையும் அகற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரே ஒரு மனிதரை நிறுத்துவதாகும். அந்த மனிதரும் முதியவர், அவரும் நோயுறுவார் என்பதை எண்ணினால் அந்தத் தயக்கம் விவேகமே.

இப்படியொரு கேள்வி இருப்பது நிகழ்ச்சியை நடத்தியவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க இயலாது. ஏனெனில் குடும்பங்களைச் சந்திக்கும் பகுதியில் அவர்களே ஒவ்வொரு பெண்ணின் ஊருக்கும் சென்று, அங்கு சூழ்ந்திருந்த பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் படமெடுத்தார்கள். இளையோர் சீசனில் அந்தப் பகுதியின் வேலை பெற்றோரின் சம்மதத்தைப் பெறுவது. முதியோர் சீசனிலும் அதே வேலையைப் பிள்ளைகளின் சம்மதமாக மாற்றினார்களே தவிர, மணமானால் அம்மா இந்த ஊரிலேயே இருப்பாரா, ஆண்டில் எத்தனை மாதம் வருவார், அவர் படுக்கையில் விழுந்தால் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விகளை யாரும் கேட்கும்படி விடவில்லை. அந்த உரையாடல் உணர்ச்சியற்றது, பார்ப்போர் சலிப்படைவார்கள் என்று கருதியிருக்கலாம். உண்மையில் ஒரு மகள் தன் தாயின் புதிய காதலனிடம் இக்கேள்விகளைக் கேட்கும் காட்சியைவிட உணர்ச்சி மிகுந்த காட்சி இந்த வகை நிகழ்ச்சியில் வேறெதுவும் அமைய வாய்ப்பில்லை.

ஊர் மட்டுமன்றிச் சட்டமும் பொருளாதாரமும் முதிய காதலர்களுக்கிடையே நிற்கின்றன. அமெரிக்காவில் இதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. சமூகப் பாதுகாப்பு எனப்படும் அரசு ஓய்வூதியத் திட்டத்தில், இறந்த கணவரின் உழைப்பின் பேரில் மனைவிக்கு உதவித்தொகை வழங்கும் முறை 1939-இல் சேர்க்கப்பட்டது. ஆனால் அந்தக் கைம்பெண் மறுமணம் செய்துகொண்டால் அத்தொகை நின்றுவிடும். 1965-இல் செய்யப்பட்ட திருத்தம், 60 வயதுக்குப் பின் மறுமணம் செய்பவர்களுக்குக் குறைக்கப்பட்ட தொகையை மட்டும் அனுமதித்தது. ஆகவே அன்றைய முதிய இணைகள் பலர் தேவாலயத்துக்கும் அண்டை வீட்டாருக்கும் அஞ்சியபடியே மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தனர். வாழ்நாள் முழுவதும் ஒழுக்கத்தின் பெயரால் வாழ்ந்தவர்களை ஓய்வூதிய விதி ஒன்று அந்த வெட்கத்துக்கு ஆளாக்கியது. 1977-இல் நிறைவேறி 1979 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகே, 60 வயதுக்கு மேல் மணம்புரிந்தாலும் தொகை குறையாது என்ற நிலை ஏற்பட்டது. 60 வயதுக்கு முன் மணம்புரிபவர்களுக்கோ, அந்தத் திருமணம் நீடிக்கும்வரை உதவித்தொகை இன்றும் மறுக்கப்படுகிறது. ஊனமுற்றோருக்கு மட்டும் வயது வரம்பு 50.

வறிய முதியவர்களின் நிலை இன்னும் கடினம். போதிய வருமானமில்லாத முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் வழங்கப்படும் துணை வருமானத் திட்டத்தின்கீழ், 2024-இல் தனியொருவர் பெறக்கூடிய உச்சத் தொகை மாதம் 943 டாலர். தகுதியுள்ள இருவர் மணம்புரிந்தால் இருவருக்கும் சேர்த்து 1,415 டாலர் மட்டுமே. இருவரும் தனித்தனியே வாழ்ந்தால் பெறக்கூடியதைவிட இது மாதம் 471 டாலர் குறைவு. கைவசம் வைத்திருக்கக்கூடிய சேமிப்பு வரம்போ ஒருவருக்கு 2,000, இணைக்கு 3,000 டாலர். முதியோர் இல்லத்தின் நீண்டகாலப் பராமரிப்புச் செலவை ஏற்கும் மெடிக்கெய்டு திட்டத்திலும் கணவன் மனைவி இருவரின் சொத்தும் சேர்த்தே கணக்கிடப்படுவதால், எழுபது வயதில் மணம்புரியும் ஒருவர், தாம் சில மாதங்களே அறிந்த ஒருவரின் பராமரிப்புச் செலவுக்குத் தம் வாழ்நாள் சேமிப்பையும் கணக்கில் வைக்க வேண்டியவராகிறார். ஏரிக்கரை வீடும் வசதியான ஓய்வூதியமும் உள்ளவர்களை மட்டுமே திரையில் பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தென்படாது. ஆனால் பெருந்தொகையான முதிய காதலர்களின் முடிவை நிர்ணயிப்பது இதுதான்.

இவற்றுக்கும் மேலாக வாரிசுரிமை. பெரும்பாலான மாநிலங்களில், உயிலில் என்ன எழுதியிருந்தாலும் உயிரோடிருக்கும் துணைவர் சொத்தில் குறைந்தபட்சப் பங்கு ஒன்றைக் கோரலாம். மனைவியைத் தெருவில் நிறுத்திவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பிறந்த விதி அது. ஒரே மணத்தில் பிள்ளைகளைப் பெற்று வாழ்ந்த குடும்பத்துக்கு அது பாதுகாப்பு. ஆனால் முதல் மனைவியோடு சேர்ந்து உழைத்துக் கட்டிய வீடு, இரண்டாம் மணத்தின் வழியாக வேறொரு குடும்பத்துக்குப் போய்விடுமோ என்ற அச்சத்தைப் பிள்ளைகளிடம் விதைப்பதும் அதே விதிதான். அந்தப் பிள்ளைகளைப் பேராசைக்காரர்களாகச் சித்திரிப்பது எளிது. பல வேளைகளில் அவர்கள் காக்க நினைப்பது இறந்துபோன தாயின் உழைப்பையும் நினைவையும் என்பதைப் பார்க்க மறுப்பது தவறு. திருமணத்துக்கு முந்தைய ஒப்பந்தம், பிள்ளைகளுக்கென ஏற்படுத்தும் அறக்கட்டளை, துணைவர் வாழும்வரை மட்டும் வீட்டில் குடியிருக்க உரிமை தரும் பத்திரம் எனச் சட்டம் இதற்கு வழிகளை வைத்திருக்கிறது. அவை அன்பில்லாமையின் அடையாளம் என்று காதலர்கள் கூசுவதற்கு, மோதிரத்தோடு கதையை முடித்துவிடும் காட்சி மரபும் ஒரு காரணம்.

முதுமை மறுமணத்தில் ஆணின் நிலையும் பெண்ணின் நிலையும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த பெண்களில் துணையை இழந்தவர்களின் விகிதம் ஆண்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. ஓர் ஆணுக்காக 22 பெண்கள் காத்திருந்த காட்சி மிகைப்படுத்தப்பட்டதே ஆயினும், அந்த வயதின் எண்ணிக்கைச் சமமின்மையைப் பிரதிபலிக்கத்தான் செய்தது. ஆனால் எல்லாப் பெண்களும் காத்திருக்கவில்லை. பியூ ஆய்வு மையம் 2014-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முன்பு மணமாகி இப்போது தனித்திருப்பவர்களில் மறுமணம் வேண்டவே வேண்டாம் என்ற பெண்கள் 54 விழுக்காடு. ஆண்களில் அவ்வாறு சொன்னவர்கள் 30 விழுக்காடுதான். இந்த வேறுபாட்டுக்கு இயல்பான ஆண்மை, பெண்மை என்று காரணம் கற்பிப்பதற்கு முன், சமூகவியலாளர் டெபோரா கார் 2004-இல் வெளியிட்ட ஆய்வைக் கவனிக்க வேண்டும். துணையை இழந்த முதியவர்களைப் பற்றிய அந்த ஆய்வில், நண்பர்களின் ஆதரவு குறைவாக இருந்த ஆண்களே பெண்களைவிட மிகுதியாக மறுமணத்தை நாடினர். நண்பர்களின் ஆதரவு நிரம்பப் பெற்றிருந்த ஆண்களின் விருப்பம் பெண்களின் விருப்பத்தைவிட மிகுதியாக இல்லை. பல ஆண்களுக்கு மனைவி ஒருவரே நண்பராகவும் செவிலியாகவும் சமையற்காரராகவும் இருந்தார் என்பதும், அந்த மூன்று இடங்களும் ஒரே நாளில் காலியாகும்போது மறுமணம் அவசரத் தேவையாகிறது என்பதும் இதிலிருந்து ஊகிக்கக்கூடியவை. கணவரை ஆண்டுக்கணக்கில் படுக்கையில் வைத்துப் பராமரித்து அடக்கம் செய்த ஒரு பெண், இன்னொரு முறை அதே பணியில் அமர்த்தப்படத் தயங்குவது அவரது இதயம் வறண்டுவிட்டதைக் காட்டாது.

அறுபதைக் கடந்த பெண்களைப் பற்றி நிகழ்ச்சியின் பின்னணியிலுள்ள எண்ணம் எவ்வளவு பிற்பட்டது என்பது 2025-இல் வெளிப்பட்டது. இரண்டாம் சீசனுக்கு நாயகராகத் தேர்வான, முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரரும் வழக்கறிஞருமான 66 வயது மெல் ஓவன்ஸ், 45 முதல் 60 வயதுக்குட்பட்ட பெண்களையே தாம் எதிர்பார்ப்பதாகவும் 60-ஐத் தாண்டியவர்களை விலக்கிவிடுவேன் என்ற பொருள்படவும் ஒரு நேர்காணலில் பேசினார். கடும் எதிர்ப்பு எழுந்தபின், நிகழ்ச்சியின் தொடக்கத்தில் அவர் அப்பெண்களிடமே மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பை ஏற்பது அவர்களின் பெருந்தன்மை. ஆனால் முதுமைக் காதலைக் கொண்டாடுவதாகச் சொல்லும் ஒரு நிகழ்ச்சி, தன் வயதுப் பெண்ணைத் துணையாக எண்ணிப் பார்த்திராத ஒருவரை நாயகராக்கியது கவனக்குறைவன்று. பெண்ணின் வயதே அவளது குறை என்ற பழைய கணக்கு இன்னும் கைவிடப்படவில்லை என்பதையே அது காட்டுகிறது.

இதற்கு மாறாக 2024 செப்டம்பரில் வந்த ‘தி கோல்டன் பேச்சலரெட்’ முதிர்ச்சியோடு அமைந்தது. 32 ஆண்டுகள் உடன்வாழ்ந்த கணவரை 2021-இல் கணையப் புற்றுநோய்க்கு இழந்தவரும் மேரிலாண்டில் தனியார் பள்ளி ஒன்றின் நிர்வாகத்தில் பணியாற்றியவருமான 61 வயது ஜோன் வாசோஸ் அதன் நாயகி. டர்னரின் சீசனில் பங்கேற்றபோது, பிரசவித்த மகளுக்குத் தாம் தேவைப்படுகிறோம் என்று அறிந்து பாதியிலேயே வீடு திரும்பியவர் அவர். தாயாக இருப்பதும் காதலியாக இருப்பதும் ஒரே உடலில் ஒரே நாளில் மோதும் என்பதை அந்த வெளியேற்றம் உணர்த்தியது. அவர் இறுதியில் தேர்ந்தெடுத்த கான்சஸ் மாநில விச்சிட்டாவைச் சேர்ந்த சாக் சாப்பிள், படப்பிடிப்பின் நடுவில் தம் தாயை இழந்து ஊர் சென்று திரும்பியவர். அந்த நவம்பரில் ஒளிபரப்பான இறுதிப் பகுதியில் நிச்சயம் செய்துகொண்டபின், இவ்விருவரும் தத்தம் ஊர்களிலுள்ள வீடுகளை விட்டுவிடாமல் மாறி மாறிச் சென்று வாழ்வதையே தொடக்க ஏற்பாடாகக் கொண்டனர். நேரலைத் திருமணத்துக்கும் அவர்கள் விரையவில்லை.

இந்த ஏற்பாட்டைச் சமூகவியலாளர்கள் தனித்தனி வீட்டில் இணைந்த வாழ்வு என்று வகைப்படுத்துகின்றனர்: இருவர் தங்களை ஓர் இணையாகக் கருதி, பிறராலும் அவ்வாறே கருதப்பட்டு, ஆனால் வீட்டை மட்டும் ஒன்றாக்காமல் வாழ்வது. ஸ்வீடன் நாட்டில் இதற்கு அன்றாடப் பேச்சிலேயே தனிப் பெயர் வழங்கும் அளவுக்கு இது பரவலானது. அங்கு முதிய இணைகளை ஆராய்ந்த சோஃபி கார்ல்சனும் கிளாஸ் போரெலும், குறிப்பாகப் பெண்களே இந்த ஏற்பாட்டை விரும்பிக் காக்கிறார்கள் என்றும், தங்களுக்கென்று ஒரு வீடு இருப்பது வீட்டுவேலையும் பராமரிப்பும் மீண்டும் தங்கள் மீது சுமையாக இறங்காமல் தடுக்கும் எல்லைக்கோடாக அவர்களுக்குப் பயன்படுகிறது என்றும் 2002-இல் எழுதினர். அமெரிக்கத் தொலைக்காட்சி இந்த வாழ்முறையை அரைகுறைக் காதலாக, திருமணத்துக்கு முந்தைய காத்திருப்பறையாகவே காட்டி வருகிறது. எழுபது வயதில் ஒருவரின் தனிமையைத் தீர்க்கவும் அவருடைய வேர்களைக் காக்கவும் ஒருசேர இயலக்கூடிய ஏற்பாடுகளில் இது முதன்மையானது. டர்னருக்கும் நிஸ்ட்டுக்கும் இந்தப் பாதையை மரியாதைக்குரிய ஒன்றாக யாரேனும் முன்வைத்திருந்தால், திருமணம், மணவிலக்கு என்ற இரு முனைகளுக்கிடையே அவர்கள் அலைக்கழிந்திருக்க வேண்டியதில்லை.

இனி வரும் ஆண்டுகளில் இந்தக் கேள்வி மேலும் பெரிதாகும். துணையை இழந்தவர்களோடு, முதுமையில் மணவிலக்குப் பெற்றவர்களும் இப்போது புதிய துணையைத் தேடுகிறார்கள். சூசன் பிரவுனும் ஐ-ஃபென் லின்னும் நடத்திய ஆய்வின்படி, அமெரிக்காவில் 50 வயதைக் கடந்தவர்களிடையே மணவிலக்கு விகிதம் 1990-க்கும் 2010-க்கும் இடையில் இரட்டிப்பானது. 2010-இல் மணவிலக்குப் பெற்றவர்களில் நால்வருக்கு ஒருவர் அந்த வயதினர். இவர்களுக்கு முன்னாள் துணை உயிரோடிருக்கிறார், சிலருக்கு ஜீவனாம்சமும் உண்டு, அதுவும் பெரும்பாலும் மறுமணத்தோடு நின்றுபோகும். பிள்ளைகளைக் காதலின் சாட்சிகளாக வெளிப்படையாகச் சேர்த்துக்கொள்ளும் முயற்சி பிரிட்டனில் 2023-இல் வந்த ‘மை மம், யுவர் டாட்’ நிகழ்ச்சியில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. தனித்திருக்கும் பெற்றோர் பழகுவதை வளர்ந்த பிள்ளைகள் மறைவிடத்திலிருந்து பார்க்கும் அந்த உத்தி விளையாட்டுத்தனமானதே என்றாலும், மறுமணம் இரு குடும்பங்களின் விவகாரம் என்ற உண்மையை அது ஏற்றுக்கொண்டது. கோல்டன் வரிசையும் தன் இறுதிப் பகுதிகளை மாற்றியமைக்கலாம். கடற்கரையில் மோதிரம் நீட்டும் நாளுக்கு முன், இரண்டு வாரங்கள் இருவரையும் ஒருவர் வீட்டில் ஒருவராகத் தங்கவைத்து, மருத்துவரையும் பிள்ளைகளையும் வழக்கறிஞரையும் சந்திக்கவைத்து, இணைந்து வாழும் பலவகை வடிவங்களில் தங்களுக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம்.

மணம் செய்யாமல் இணைந்து வாழும் முதியவர்களுக்கு இன்றைய நிலையில் மிகப் பெரிய ஆபத்து மருத்துவமனையில்தான் காத்திருக்கிறது. தம்மைப் பார்க்க யார் வரலாம் என்று நோயாளியே முடிவுசெய்யும் உரிமையை, அரசுக் காப்பீட்டுப் பணம் பெறும் மருத்துவமனைகள் மதிக்க வேண்டும் என்று 2010 ஏப்ரலில் அதிபர் ஒபாமா ஆணையிட்டார். ஒருபாலினத் துணைவர்கள் மரணப் படுக்கையருகே அனுமதிக்கப்படாமல் தவித்த கொடுமைகளின் விளைவாகப் பிறந்து, 2011 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்த விதி, திருமணப் பதிவு இல்லாத முதிய காதலர்களுக்கும் கதவைத் திறந்தது. ஆனால் உள்ளே சென்று கையைப் பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே அது உதவும்; நினைவிழந்து கிடப்பவருக்கு எந்தச் சிகிச்சையைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று பேசும் அதிகாரம் பொதுவாகப் பிள்ளைகளிடமோ உடன்பிறந்தோரிடமோதான் செல்லும். அந்த அதிகாரத்தைத் துணைவருக்கு வழங்கும் மருத்துவப் பிரதிநிதிப் பத்திரத்தை, இருவரும் நலமாக இருக்கும் நாளிலேயே, பிள்ளைகளும் அறிய, சாட்சிகள் முன்னிலையில் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.